சாமங்களைப் பங்கிட்டுக்கொண்ட ஊர்

பரணர் பாடி, அகநானூற்றில் 122-ஆம் செய்யுளாகத் தொகுக்கப்பெற்றிருக்கும் பாட்டொன்றில், இரவில் தன்னைக் காண வரும் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணொருத்தி, தன் ஊர் உறங்காத கொடுமையை அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போகிறாள். விழா இல்லாத நாளிலும் அந்தப் பழைய ஊர் உறங்குவதில்லை; கடைத்தெருவும் மற்றைத் தெருக்களும் ஓய்ந்து அடங்கினால், கடுஞ்சொல் பேசும் தாய் உறங்குவதில்லை; தாய் கண்ணயர்ந்தால் ஊர்க்காவலர் விரைந்து சுற்றி வருகிறார்கள்; காவலர் அயர்ந்தால் நாய் குரைக்கிறது; நாய் அடங்கினால் நிலவு பகலைப்போல் காய்கிறது; நிலவு மறைந்தால் கூகை குழறுகிறது; கூகையும் ஓய்ந்தால் வீட்டுக்கோழி கூவிவிடுகிறது. இவையெல்லாம் ஒருங்கே அடங்கிய இரவு ஒன்று தப்பித் தவறி வாய்த்தபோதோ, அவன் வரவில்லை.

காதலின் தவிப்பைச் சொல்லும் பாட்டாகவே இதனைப் பல ஆண்டுகள் சுவைத்து வந்த எனக்கு, முதுமை நெருங்கி நள்ளிரவில் தூக்கம் கலையத் தொடங்கிய பிறகுதான், இது ஓர் ஊரின் இரவைப் பற்றிய நம்பத்தகுந்த சாசனமாகவும் தோன்றத் தொடங்கிற்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அந்தப் பெண் தெளிவாகக் கண்டிருந்த உண்மை ஒன்றுண்டு: ஊர் என்பது ஒரே சமயத்தில் முழுவதும் உறங்கிவிடுவதன்று, ஒருவர் கண் மூடும்போது மற்றொருவர் கண் விழித்திருக்கும்படியாக அமைந்ததே ஊர். இந்த உண்மையை நாம் மறந்து நெடுங்காலம் ஆகவில்லை. ஆயினும் முற்றிலும் மறந்துவிட்டோம். அதனால்தான் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டவர், தமக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது என்று அஞ்சி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, விழிப்பினால் வரும் களைப்பைக் காட்டிலும் அச்சத்தினால் வரும் களைப்பை மிகுதியாகச் சுமக்கிறார்.

உறக்கத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சொல்வதை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். மனிதனுடைய தூக்கம் ஏறத்தாழ 90 நிமிஷங்கள் கொண்ட சுற்றுகளாக, ஓர் இரவில் நான்கு முதல் ஆறு முறை வரை, ஆழ்ந்தும் மேலெழுந்தும் நடைபெறுகிறது. மேலெழும் ஒவ்வொரு முறையும் அவன் விழிப்பின் கரையைத் தொட்டு மீள்கிறான். பெரும்பாலும் அது அவன் நினைவில் தங்குவதில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைந்து, கரையைத் தொட்டவன் கரையிலேயே ஏறி நின்றுவிடுவதும் மிகுதியாகிறது. வலி, மூச்சடைப்பு, மனக்கவலை, சிறுநீர் உபாதை முதலிய காரணங்களால் நேரும் விழிப்புக்கு வைத்தியரை நாட வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் விழிப்பு என்பதே நோய் அன்று. அது உடம்பின் அமைப்பிலேயே உள்ளது. அந்த விழிப்பை நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதே நான் இங்கே சொல்ல விரும்பும் சரித்திரம்.

இரவை அவர்கள் ஒரே இருட்டாகக் கருதவில்லை. ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். தொல்காப்பியத்தின் வழிவந்த பொழுதுப் பகுப்பில் மாலைக்குப் பின் யாமமும், யாமத்திற்குப் பின் வைகறையும், ஒவ்வொன்றும் பத்து நாழிகை கொண்டு அமைந்தன. யாமம் குறிஞ்சிக்கும் வைகறை மருதத்திற்கும் உரியனவாயின. வழக்கிலோ, முப்பது நாழிகை இரவை நான்காக வகுத்து, ஏழரை நாழிகைக்கு ஒரு சாமம் என்று எண்ணினார்கள். தலைச்சாமம், நடுச்சாமம், கடைச்சாமம் என்ற பெயர்கள் இன்றும் கிராமத்து நாவில் உள்ளன. இன்னும் நுட்பமான சான்று ஒன்று நம் அன்றாடப் பேச்சிலேயே மறைந்து கிடக்கிறது. ‘ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தேன்’ என்று சொல்கிறோமே, இரவெல்லாம் நீள்வது ஒரே தூக்கம் என்று கருதிய மக்களுக்கு அதனை ‘ஒரு தூக்கம்’ என்று எண்ணிச் சொல்ல என்ன அவசியம் வந்தது? ஒன்று முடிந்து எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்து, மீண்டும் மற்றொன்று போடலாம் என்ற பழக்கம் உள்ளவர்களே அப்படிப் பேசியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இரவு முழுவதையும் சாமம் சாமமாக எழுதிக் காட்டிய நூல் மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய அந்த 782 அடிப் பாட்டில், பகற்கடையாகிய நாளங்காடியும் இரவுக்கடையாகிய அல்லங்காடியும் ஆரவாரிக்கும் மாநகரம், முதல் யாமம் கழிந்ததும் மெல்ல மெல்ல ஒடுங்குவதைக் காண்கிறோம். சங்கின் ஒலி அடங்குகிறது. கடைக்காரர்கள் கடைகளை அடைக்கிறார்கள். அடையும் மோதகமும் விற்ற கூவியர் பண்டங்களோடு இருந்தபடியே உறங்கி விழுகிறார்கள். விழாவில் ஆடிக் களைத்த கூத்தரும் படுத்துவிடுகிறார்கள். அடுத்து வரும் யாமம் பேய்களுக்கும் கள்வர்களுக்கும் உரியது. கரிய உடையும், இடையில் சுற்றிய நூலேணியும், கூரிய வாளுமாக இருளின் நிழலில் பதுங்கும் திருடனை, யானையை நாடித் திரியும் புலிபோல் தேடித் திரிகிறார்கள் ஊர்க்காவலர். களவு செய்வோரின் தந்திரங்களை நூல்வழி கற்றறிந்தவர்கள் அவர்கள். தெருவெல்லாம் நீர் பெருகும்படி மழை கொட்டும் நள்ளிரவிலும் அம்பும் வில்லுமாக ஊரைச் சுற்றுகிறார்கள். பின்னர்க் கடைச்சாமம் கழிய, அந்தணர் வேதம் ஓதுவதும், பாணர் மருதப்பண் இசைப்பதும், யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதும், வீடுகளின் கதவு திறக்கும் ஓசையும், வேதாளிகரோடு நாழிகை சொல்வோர் இசைக்கும் குரலும், கோழிக்கூவலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. எந்தச் சாமத்திலும் அந்த நகரில் ஒரு சாரார் விழித்திருந்தனர் என்பதும், யார் எந்தச் சாமத்தில் விழித்திருக்க வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது என்பதும் இப்பகுதியைப் படிப்பவர் எவர்க்கும் விளங்கும்.

அரசனும் இந்தக் கடமைக்கு விலக்கானவன் அல்லன். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கிய மன்னன், போரில் புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும், தனக்காக உயிர்கொடுத்த வீரரையும் நினைந்து உறக்கமின்றி இருக்கிறான். அவன் கூடாரத்தில் கச்சிலே சிறுவாள் செருகிய மங்கையர் விளக்குக்கு நெய் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொழுது அறிந்து சொல்வோர் குறுநீர்க் கன்னல் என்னும் நீர்க்கடிகாரம் காட்டும் நேரத்தை வணங்கி அவனுக்கு உரைக்கிறார்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலோ, வாடைக்காற்றில் விளக்குச் சுடர் தெற்கே சாய்ந்து எரியும் நள்ளிரவில், தூறலையும் பொருட்படுத்தாமல், சிலரோடு வெளியே வந்து, புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் கண்டு தேற்றிச் செல்லும் மன்னனைக் காண்கிறோம். அரண்மனையில் அவன் தேவியும் அதே யாமத்தில் உறங்காமல் கிடக்கிறாள். நள்ளிரவு விழிப்பைப் பற்றி எத்தனையோ மொழிகளில் கவிதைகள் உள்ளன. அவற்றுட் பல தனிமனிதன் ஒருவனுடைய துன்பத்தைப் பாடுவன. பிறர் துன்பத்தால் விழித்து, விழித்த நேரத்தைப் பிறர்க்கே செலவிட்ட இவ்விரு மன்னர்களின் இரவுகளை நான் அவற்றினும் உயர்வாக மதிக்கிறேன்.

விழித்திருப்போர்க்கு நேரம் தெரிய வேண்டுமே. அடியில் நுண்துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், துளைவழியே நீர் ஏறி நிறைந்து, ஒரு நாழிகையில் அது மூழ்கும். அதனை எடுத்துக் கவிழ்த்து மறுபடியும் மிதக்கவிடுவார்கள். நாழிகை வட்டில் என்ற இந்தக் கருவியின் அருகே இரவெல்லாம் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மக்களைச் சொல்லி வரும்போது நாழிகைக் கணக்கரையும் ஒரு பிரிவினராகச் சேர்த்துச் சொல்கிறது. நேரத்தை அளப்பதற்கே ஒருவர் தூக்கத்தைத் துறக்க வேண்டியிருந்த காலம் அது.

பிற்காலத்தில் கோயில் இந்தப் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்றது. அர்த்தசாம பூஜை முடிந்து பள்ளியறை சார்த்தப்பட்ட பின்னும் கருவறையில் ஒரு சுடர் அணையாமல் எரியும். அதற்கு நந்தா விளக்கு என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில், ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதற்காக, ‘சாவா மூவாப் பேராடு’ 96 விடப்பட்ட செய்தியைப் படிக்கலாம். இறந்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்குமாதலால், மந்தை என்றும் குறையாது என்பது அத்தொடரின் பொருள். ஒரு சுடர் இரவெல்லாம் விழித்திருப்பதற்காக ஒரு மந்தையையே வைத்த சமுதாயம், மனிதரும் சில இரவுகளில் முழுதும் விழித்திருக்க வேண்டும் என்று விதித்ததில் வியப்பில்லை. சிவராத்திரியில் நான்கு சாமத்திற்கும் நான்கு பூஜைகள். வைகுண்ட ஏகாதசியில் கண்விழிப்பு. திரௌபதை அம்மன் கோயில்களில் விடியவிடியப் பாரதக் கூத்து. மார்கழியிலோ, இரவின் கடைப்பகுதியே முழுதும் பக்திக்கு உரியதாகி, மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இறைவனையே துயில் எழுப்பப் பாடினார்கள். சூரியோதயத்திற்கு 96 நிமிஷங்களுக்கு முன் தொடங்கும் பிராம்ம முகூர்த்தத்தில் ஆரோக்கியமுள்ளவன் எழவேண்டும் என்று வாக்படருடைய அஷ்டாங்க ஹிருதயம் கூறுவதும், வைத்தியமும் பக்தியும் இவ்விஷயத்தில் கைகோத்து நடந்ததைக் காட்டும்.

ஆயினும் நூல்களில் அதிகம் இடம்பெறாத விழிப்பு ஒன்றுண்டு. அதுவே ஊரை வாழவைத்தது. அது உழவர் விழிப்பு. வெயில் ஏறுவதற்கு முன் வயலுக்குத் தண்ணீர் இறைத்தாக வேண்டும் என்பதால், ஏற்றக்காரர்கள் கடைச்சாமத்திலேயே கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள். ஏற்ற மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் மிதிப்பவர்களும், கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவரும் இருட்டில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமலே, பாட்டால் ஒத்திசைந்து வேலை செய்தார்கள். இறைத்த சால்களின் கணக்கும் அந்தப் பாட்டிலேயே அடங்கியிருந்தது. கம்பர் ஒரு நாள் ஏற்றப்பாட்டில் ஓர் அடியைக் கேட்டு, பாடினவர் அடுத்த அடியைப் பாடாமல் வேலையை நிறுத்திவிடவே, அதைக் கேட்பதற்காக மறுநாள் வரையில் காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை நடந்ததோ நடக்கவில்லையோ, கம்பரையும் காத்திருக்க வைக்கும் கவித்துவம் பெயர் தெரியாத ஏற்றக்காரரிடம் உண்டு என்று நம் மக்கள் நம்பினார்கள் என்பதற்கு அது போதிய சான்று.

ஏரிப்பாசன ஊர்களில் நீர் குறைந்த பருவத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று அளந்து விடும் நீர், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடும். நடுச்சாமத்தில் முறை வந்தவர் நடுச்சாமத்தில்தான் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் இடத்திற்கேற்பப் பெயர்பெற்ற ஊழியர், ஊரார் அனைவருடைய பங்கையும் காப்பதற்காக இருட்டில் வரப்பு வரப்பாக நடந்தார். கடற்கரையில், நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் இரவுக்காற்றைப் பிடிப்பதற்காகக் கட்டுமரங்கள் விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பின. மலைச்சாரலில், தினைப்புனத்துப் பரணில், பன்றியும் யானையும் வராதபடி கொள்ளிக்கட்டையோடு இளைஞர்கள் விழித்திருந்தார்கள். இவர்கள் யாருக்கும் கடிகாரம் இல்லை. கார்த்திகை மீன்கூட்டம் எந்த மரத்துக்கு நேரே சாய்ந்திருக்கிறது, வெள்ளி முளைத்துவிட்டதா, முதற்கோழி கூவிவிட்டதா என்பவையே அவர்களுக்குக் கணக்கு. இந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு, இந்திரன் கோழியாய்க் கூவியதால் விடிந்துவிட்டது என்று எண்ணி நள்ளிரவில் நீராடப் போன கௌதம முனிவரின் கதையையே ஊர்ப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்கள்.

பெண்களின் விழிப்பைத் தனியே சொல்லியாக வேண்டும். நெல் குத்துவதும், தயிர் கடைவதும், சாணம் தெளிப்பதும் விடியுமுன் முடிந்தாக வேண்டிய வேலைகள். பாலுக்கு அழும் குழந்தைக்குச் சாமம் என்ற வரையறையே கிடையாது. என் பாட்டி நடுச்சாமத்தில் எழுந்து, கொட்டிலில் மாட்டுக்கு ஒரு கை வைக்கோலை உதறிப் போட்டு, அடுப்பில் தணல் மூடியிருக்கிறதா என்று பார்த்து, போர்வை விலகிக் கிடக்கும் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஓசையை அரைத்தூக்கத்தில் எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். ‘கெழவிக்கு ஏதுடா தூக்கம், நீங்க படுங்க’ என்பாள். தூக்கம் வரவில்லையே என்று அவள் ஒருநாளும் வருந்தியதாக நினைவில்லை. வீடு முழுவதும் உறங்குவதற்காகத் தான் விழித்திருக்கிறோம் என்ற ஒரு திருப்தியே அந்தக் குரலில் இருந்தது.

ஊர்க்காவலின் கதை இவ்வளவு இனிமையானதன்று. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று வழங்கிய காவல் உரிமையும், அதற்காக ஊரார் கொடுத்த வரியும், பிற்காலத்தில் தென்பாண்டி நாட்டில் ஸ்தலகாவல், தேசகாவல் என்ற ஏற்பாடுகளாக வளர்ந்தன. காவற்காரருக்கு அறுவடையில் ஒரு பங்கு தானியம் உண்டு. அதற்கு ஈடாக, களவு போன பொருளை அவர் மீட்டுத்தர வேண்டும், இயலாவிடில் நஷ்டஈடு தரவேண்டும். மதுரைச் சீமையில் கள்ளரும், நெல்லைச் சீமையில் மறவரும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பொறுப்பை வகித்தார்கள். இதில் முறைகேடுகள் நிகழ்ந்ததும், காவற்கூலி கொடாத ஊரில் களவு நிகழ்ந்ததும் மறுக்கக்கூடியன அல்ல. ஆனால் பாளையப் போர்கள் 1801-இல் முடிந்தபின் பாளையக்காரரின் காவல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைப்பற்றியதும், 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்குச் சம்பளப் போலீஸ் அமைந்ததும், இரவைக் காப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த குடிகளை வேலையற்றவர்களாக்கின.

அதற்குமேலும் ஒரு கொடுமை நேர்ந்தது. 1871-இல் வட இந்தியாவில் புகுத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள். பிறமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகத்தார், பிறந்த குடியின் காரணமாகவே ரேகை பதிவு செய்யப்பட்டு, இரவில் குறித்த நேரங்களில் அதிகாரிகளின் முன் ஆஜராக வேண்டியவர்களானார்கள். பலர் தம் வீட்டில் மனைவி மக்களோடு படுத்துறங்கும் உரிமையையும் இழந்து, ஊர்ச் சாவடியிலோ போலீஸ் ஸ்டேஷனை அடுத்தோ இரவைக் கழித்தார்கள். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. ஊருக்காக இரவில் விழித்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, இரவில் கண்காணிக்கப்பட வேண்டிய குற்றவாளிகளாக ஓர் அரசாங்கம் எழுதிவைத்ததை, நம் நாட்டு இரவின் சரித்திரத்தில் மிகக் கறைபடிந்த பக்கம் என்றே சொல்வேன்.

நம் இரவுகளைப் பற்றி இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியரின் ஆராய்ச்சி பெருந்துணையாக வாய்த்தது. ஐரோப்பிய நீதிமன்ற வாக்குமூலங்களையும், நாட்குறிப்புகளையும், வைத்திய நூல்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 2001-இல் கட்டுரையாகவும் 2005-இல் நூலாகவும் அவர் வெளியிட்ட முடிவு இது: விளக்குகள் பெருகுவதற்கு முன் ஐரோப்பிய மக்கள் இரவில் இரு தூக்கங்கள் தூங்கினார்கள், முதல் தூக்கம் நள்ளிரவை ஒட்டி முடிய, ஒரு மணி நேரம் அளவில் விழித்திருந்து, ஜெபம் செய்தும், அடுப்பைக் கவனித்தும், அண்டை வீட்டாரோடு பேசியும், கணவனும் மனைவியுமாகக் கூடியிருந்தும் கழித்து, இரண்டாம் தூக்கத்திற்குச் சென்றார்கள். அதனை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. விளக்கவேண்டாத அளவுக்கு அது சாதாரணமாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாமஸ் வேர் என்ற அமெரிக்க வைத்தியர், சிலரை நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் இருக்கச் செய்து ஒரு மாதம் கவனித்தபோது, அவர்களுடைய உறக்கமும் இடையில் விழிப்போடு இரண்டாகப் பிரிந்தது.

இதனை உலகெங்கும் உள்ள நியதியாகக் கொள்ளலாகாது. டிசம்பரில் லண்டனின் இரவு 16 மணி நேரம்; அவ்வளவு இருளையும் ஒரே தூக்கத்தால் நிரப்ப யாராலும் முடியாது. நம் இரவு ஆண்டு முழுவதும் 12 மணியை ஒட்டியே நிற்பது. வெப்பமண்டலத்தில் வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்களையும், நமீபியாவின் சான் மக்களையும், பொலிவியாவின் சிமானே மக்களையும் ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, மின்விளக்கில்லாத அவர்கள் நள்ளிரவில் ஒழுங்காக எழுந்துவிடுவதில்லை என்றே கண்டது. ஆனால் அதே ஹட்சா மக்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வைப் படித்தபோது, எனக்குப் பரணரின் பாட்டே மீண்டும் கேட்டதுபோல் இருந்தது. வயதுவந்த 33 பேருடைய உறக்கத்தை 20 நாட்கள் கருவிகொண்டு பதிவு செய்ததில், அனைவரும் ஒருங்கே உறங்கிய நேரம் எல்லா இரவுகளையும் கூட்டினாலும் 18 நிமிஷமே! முதியோர் முன்னதாகப் படுத்து முன்னதாக எழுந்தார்கள். இளையோர் பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்தார்கள். இடையிடையே யாராவது ஒருவர் விழித்தபடி இருந்தார். கூட்டமாக வாழும் உயிரினங்கள் ஒன்றையொன்று காப்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது என்பது ஆய்வாளர்களின் கருத்து. தூக்கம் வராத பாட்டியும், தூங்கப் போக மறுக்கும் பேரனும் ஒரே வீட்டில் இருப்பது, இந்தக் கருத்தின்படி குறை அன்று, அதுவே காவல்.

அந்த ஏற்பாடு குலைந்த கதை நீண்டதன்று. பாரிஸ் நகரத் தெருக்களுக்கு 1667-இலேயே அரசாங்க விளக்குகள் வந்தன. லண்டனில் 1807-இல் வாயு விளக்கு எரிந்தது. விளக்கு வந்த தெருவில் மக்கள் படுக்கப் போகும் நேரம் தள்ளிப்போயிற்று. அதன்பின் வந்த ஆலை, எழும் நேரத்தை ஒரே நேரமாக்கிற்று. கோயம்புத்தூரில் 1888-இல் முதல் நூற்பாலை தோன்றிய பின், ஊர் அறிந்த கோழிக்கூவலின் இடத்தை மில் சங்கு எடுத்துக்கொண்டது. 1930-களில் பைக்காராவிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் புறப்பட்ட மின்சாரம் தெருவிளக்காகவும் கிணற்று மோட்டாராகவும் கிராமங்களை அடைய அடைய, ஏற்றமும், மாடு கட்டி இறைக்கும் கமலையும் ஓய்ந்தன, ஏற்றப்பாட்டும் ஓய்ந்தது. பிந்திப் படுத்து, ஒரே மூச்சில் உறங்கி, ஒரே நேரத்தில் எழுவதே முறையான தூக்கம் என்ற எண்ணம் சுமார் நூறாண்டுகளுக்குள் வேரூன்றியது. விழிப்பு மட்டும் உடம்பைவிட்டுப் போகவில்லை. அதற்குரிய வேலையும் துணையும் போய்விட்டபடியால், விழித்தவர் இன்று தனித்து விழிக்கிறார்.

பழைய இரவு மீண்டும் வரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றக்காரரின் பாட்டை வியக்கும்போது அவருடைய கால்வலியையும் நினைக்க வேண்டும்; அந்தக் கடைச்சாமக் கூலிகளுள் எத்தனையோ பேர் நிலமற்றவர்கள், தாம் இறைத்த நீரால் விளைந்த நெல்லில் ஒரு மரக்கால்கூடத் தமதென்று சொல்ல முடியாதவர்கள். இரவு பங்கிடப்பட்டது உண்மை. நியாயமாகப் பங்கிடப்பட்டது என்று சொல்ல என் மனம் துணியவில்லை. மோட்டார் வந்து அந்த விழிப்பை நீக்கும் என்று எதிர்பார்த்தோம். மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணியும் இரவில் சில மணியுமாகப் பிரித்துவிட்ட ஆண்டுகளில், அதே உழவர் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு மோட்டார் கொட்டகைக்கு நடந்ததையும், ஈர வரப்பில் பாம்புக்கும் மின்கசிவுக்கும் அஞ்சி நின்றதையும் கிராமத்தில் பிறந்த எவரும் அறிவர். குஜராத்தில் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், பாசனத்திற்குப் பகலிலேயே மின்சாரம் தருவதற்கென்று தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆஸ்பத்திரியிலும் ரயிலிலும் எல்லைப்புறத்திலும் சிலர் இரவில் விழித்தே ஆகவேண்டும். வயலுக்கு அந்த அவசியம் இல்லை. இந்தத் தேசத்தில் எந்த மாநிலத்திலும் எந்த உழவரும் தண்ணீர் பாய்ச்சுவதற்காக நடுச்சாமத்தில் எழுந்து போகாதபடி, பகல் நேரத்து மின்சாரத்தை அவருக்கு உரிமையாக்கித் தரவேண்டும் என்று ஆட்சியில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.